ஒரே மிசரேரே, ஏன் இத்தனை ரெக்கார்டிங்? தேவாலயக் கொயர் பதிவுகளை எடைபோடுவது எப்படி

யூடியூபில் 'அலெக்ரி மிசரேரே' என்று தேடிப் பாருங்கள். கிங்ஸ் காலேஜ் கொயர், டாலிஸ் ஸ்காலர்ஸ், தி சிக்ஸ்டீன் என்று ஆரம்பித்து, பெயரே கேள்விப்படாத குழுக்கள் வரை வரிசையாக வந்து விழும். எல்லாம் ஒரே பாட்டு, தேவாலயக் கொயர்கள், அதாவது பாடகர் குழுக்கள், பாடும் 17ஆம் நூற்றாண்டு லத்தீன் மன்னிப்புப் பாடல். ஆனால் இரண்டை அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டும் ஒன்றுதானா என்றே சந்தேகம் வரும். விமர்சனங்களைப் படித்தால் குழப்பம் இன்னும் கூடும், ஒருவர் உருகி உருகிப் புகழ்ந்த பதிவை இன்னொருவர் உயிரே இல்லை என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பார். எதை வைத்துத்தான் இவர்கள் மார்க் போடுகிறார்கள்? ஸ்டாஃப் நொடேஷன், அதாவது மேற்கத்திய இசைக் குறியீடு, படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது பிடிபடும் விஷயம்தான், எங்கே காது கொடுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

அடிப்படையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். தேவாலய வழிபாட்டுக்காகவோ, அந்த வழிபாட்டின் வார்த்தைகளை வைத்தோ, ஒரு குழு பாடுவதற்காக எழுதப்பட்ட இசைதான் தேவாலயக் கொயர் இசை. ஒற்றை மெட்டில் எல்லோரும் சேர்ந்து பாடும் கிரிகோரியன் கீதத்தில் தொடங்கி, திருப்பலி இசை, மோட்டெட் என்ற சிறு குழுப்பாடல், இறந்தோருக்கான ரெக்வியம், 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் வாத்தியங்களோடு பாட எழுதிய பல பகுதிப் பாடல்களான கான்டாட்டாக்கள், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பேஷன் வரை எல்லாம் இதில் அடக்கம். குரல்கள் பொதுவாக நாலு அடுக்கு: மேலே சோப்ரானோ, அடுத்து ஆல்டோ, அதற்குக் கீழே டெனர், அடியில் பேஸ். நாலுக்கு மேலும் போகும், அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த இசையில் பாடகர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. எந்தப் பிரதியிலிருந்து பாடுவது, எத்தனை பேர் பாடுவது, எந்தக் கட்டடத்தில் பாடுவது, மைக்கை எங்கே வைப்பது. விமர்சகர்கள் புகழ்வதும் திட்டுவதும் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றைத்தான், ஆனால் படிக்கிறவருக்கு ஏதோ குரலைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். கேட்கும்போது இந்த நாலையும் தனித்தனியாகப் பிரிக்கப் பழகிவிட்டால், முரணாகத் தெரிகிற இரண்டு விமர்சனங்கள் பல சமயம் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசுகின்றன என்று புரிந்துவிடும்.

பிரதியிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் மிசரேரேயின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. திருப்பாடல்களில் 51ஆவது, தாவீது அழுது மன்னிப்புக் கேட்கும் பாடல், அதற்கு கிரெகோரியோ அலெக்ரி 1630களில் போப்பின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்காக இசை எழுதினார். புனித வாரத்தில் பாடுவார்கள். 1770இல் 14 வயது மொசார்ட் அங்கே கேட்டுவிட்டு நினைவிலிருந்து எழுதினார் என்ற கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். இன்று இந்தப் பாட்டு பிரபலமாக இருப்பது பெரும்பாலும் ஒரு சுரத்தால்தான்: திடீரென்று ஒரு சோப்ரானோ குரல் மட்டும் கூட்டத்தை விட்டு எழும்பி உச்சத்து 'சி' என்ற சுரத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். கேட்டவுடன் உடம்பு சிலிர்க்கும். அந்த 'சி' அலெக்ரி எழுதியது இல்லை. 1831இல் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் ரோமில் கேட்டு எழுதிவைத்த ஒரு பகுதி, மூலத்தைவிட உயர்ந்த ஸ்தாயியில் பாடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு இசை அகராதியில் அதை வேறொரு பிரதியோடு ஒட்டிவிட்டார்கள், அந்த ஒட்டுதான் இன்று உலகம் முழுக்கப் பாடப்படுகிறது. மூலப் பிரதியோ ரொம்ப எளிமையானது. போப்பின் பாடகர்கள் அதன்மேல் தங்கள் வழக்கப்படி அலங்காரங்களைச் சேர்த்துப் பாடினார்கள், அதைத்தான் ஊரே மெச்சியது.

அப்படியானால் உச்ச 'சி' இல்லாத பதிவு சரி, இருக்கிற பதிவு தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். கிங்ஸ் காலேஜ் கொயர் டேவிட் வில்காக்ஸ் தலைமையில் 1963இல் செய்த பதிவு லத்தீனில்கூட இல்லை, ஆங்கிலத்தில் இருக்கிறது, ராய் குட்மன் என்ற சிறுவன் அந்த உச்சத்தைப் பாடுகிறார், இன்றும் பலருக்கு மிசரேரே என்றால் அதுதான். டாலிஸ் ஸ்காலர்ஸ் 1980இல் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் காலேஜ் சிற்றாலயத்தில் செய்த பதிவில் அதே இடத்தை வளர்ந்த பெண் குரல் பாடுகிறது, நிதானம் அதிகம், நடுக்கம் இல்லை. இரண்டுமே அந்த ஒட்டுப் பிரதிதான். பிரான்ஸின் ஆ சே வோச்சி குழுவோ 1990களில் பழைய அலங்காரங்களை மீட்டெடுத்துப் பாடியது, கேட்டால் வேறு உலகம். ஒரு விமர்சகர் 'நம்பகத்தன்மை' என்று பேசினால் எந்தப் பிரதியோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று பாருங்கள், அதைச் சொல்லாமல் அந்த வார்த்தையை மட்டும் வீசுகிறவரை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன்.

இதே மாதிரி பிரதிச் சிக்கல் எங்கும் உண்டு. மொசார்ட் 1791இல் ரெக்வியத்தை முடிக்காமலே இறந்துபோனார், அவருடைய மாணவர் ஸூஸ்மாயர் முடித்தது ஒன்று, அது சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தியது பல. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ரெக்வியம் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு 1900இல் வந்த வடிவம் ஒன்று, அதற்கு முன் சின்ன வாத்தியக் குழுவோடு இருந்த வடிவம் இன்னொன்று. இந்தச் சின்ன வடிவத்தை ஜான் ரட்டர் பதிப்பித்து 1984இல் பதிவும் செய்தபோது, அது இவ்வளவு அந்தரங்கமான இசையா என்று பலர் முதல்முறையாகக் கேட்டார்கள்.

அடுத்தது தலை எண்ணிக்கை. இதில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. பாக்கின் பி மைனர் மாஸை, அதாவது அவருடைய திருப்பலி இசையை, எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல் ரிக்டர் 1961இல் மியூனிக் பாக் கொயரை வைத்துச் செய்த பதிவில் ஆரம்பத்தின் 'கீரியே' ('ஆண்டவரே, இரங்கும்') ஒரு பெருங்கூட்டம் மொத்தமும் இரக்கம் கேட்டுக் கதறுகிற மாதிரி வரும். 1981இல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற இசையறிஞர், பாக் தன் கோரஸ்களை அனேகமாக ஒரு அடுக்குக்கு ஒரே ஒருவரை வைத்துத்தான் பாடவைத்தார் என்று வாதிட்டார். வாதிட்டதோடு நிற்காமல் அப்படியே பதிவும் செய்து வெளியிட்டார். மற்ற அறிஞர்கள் கொதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு தரப்பும் காட்டுவது ஒரே ஆவணத்தை: 1730இல் பாக் லைப்சிக் நகர மன்றத்துக்கு எழுதிய மனு. ஒரு அடுக்குக்குக் குறைந்தது மூன்று பேர், முடிந்தால் நாலு பேர் வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார். கச்சேரிக்கு அத்தனை பேர் என்று ஒரு கட்சி, சுழற்சியில் ஆள் கிடைக்கவும் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சமாளிக்கவும் வேண்டிய பட்டியல் அது என்று இன்னொரு கட்சி. முடிவு எதுவானாலும் கேட்பவருக்கு வித்தியாசம் தெளிவு. ஒருவர் ஒருவராகப் பாடும்போது பின்னல்வேலையின் ஒவ்வொரு இழையும் காதுக்குத் தனியாகத் தெரியும், ஆனால் எக்காளமும் மேளமும் சேர்கிற இடத்தில் அந்தக் குரல்கள் மூச்சு வாங்கும். பெருங்குழுவில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் ஒரே மெட்டை அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும் வேகமான ஃபியூகில் நாலு அடுக்கும் குழம்பி ஒரே கூழாகிவிடும். எனக்கு நடுவில் நிற்கிற பதிவுகள்தான் பிடிக்கும், அடுக்குக்கு நாலைந்து பேர். அது ருசி, நியாயம் இல்லை.

யார் பாடுகிறார்கள் என்பதும் இங்கேயே சேர்த்தி. மேல் அடுக்கைச் சிறுவர்கள் பாடினால் ஒரு நிறம், பெண்கள் பாடினால் ஒரு நிறம். சிறுவர் குரல்களுக்குள்ளேயே கிங்ஸ் காலேஜின் மெல்லிய, காற்றோட்டமான தொனி ஒரு பக்கம், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் கத்தோலிக்கக் கொயரின் திறந்த, கொஞ்சம் காரமான தொனி மறு பக்கம். ஆர்னன்கூர்ட், லேயோன்ஹார்ட் என்ற இரண்டு நடத்துனர்களும் 1971இல் தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் இழுத்து பாக்கின் கான்டாட்டாக்களைப் பதிவு செய்தபோது பாக் காலத்து வழக்கப்படி தனிப்பாடல்களுக்கும் சிறுவர்களையே வைத்தார்கள். சில இடங்களில் அந்தப் பிள்ளைகள் திணறுவது அப்பட்டமாகக் கேட்கும். அந்தத் திணறல் மனதைத் தொடுகிறது என்பவரும் உண்டு, காதைத் துளைக்கிறது என்பவரும் உண்டு, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இப்போது கட்டடம். எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கல் சுவரும் உயரமான கூரையும் உள்ள தேவாலயத்தில் பாடி நிறுத்தினால் ஒலி உடனே நிற்காது, சில வினாடிகள் மிதந்துகொண்டே இருக்கும். பழைய இசையமைப்பாளர்கள் பலர் இந்த மிதப்பைக் கணக்கில் வைத்தே எழுதினார்கள், சுரம் மெதுவாக மாறும், இடையில் நிறுத்தங்கள் வரும், முந்தைய ஒலி அடங்கியபின் அடுத்தது தொடங்கும். அதையே வறண்ட ஸ்டுடியோவில் பாடினால் எலும்புக்கூடு தெரியும். ஆனால் மறுபக்கமும் உண்டு: எதிரொலி குறைகளை மூடிவிடும். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்களே, அதேதான். முதல் கேட்பில் 'தெய்வீகம்' என்று தோன்றும் பதிவுகளில் பாதிக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது கட்டடம், பாடகர்கள் இல்லை. சோதிக்க எளிய வழி: வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு வேகமான பகுதி ஒன்றைக் கேளுங்கள். வார்த்தைகள் பிடிபடுகின்றனவா? ஆல்டோ எங்கே போகிறது என்று ஒரு நிமிடமாவது தொடர முடிகிறதா? முடியவில்லை என்றால் மைக் தூரத்தில் இருக்கிறது, அல்லது வேகம் அந்தக் கட்டடத்துக்கு ஒத்துவரவில்லை. ரொம்பக் கிட்டே வைத்தாலும் தொல்லை, தனித்தனி ஆட்களின் மூச்சும் உச்சரிப்பும் துருத்திக்கொண்டு வரும், கொயர் என்ற உணர்வே போய்விடும்.

ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸின் 'ஸ்பெம் இன் ஆலியம்' இதற்கு நல்ல பரீட்சை. 1570 வாக்கில் எழுதப்பட்டது, 40 தனித்தனி குரல்கள், ஐந்து ஐந்து பேராக எட்டு குழுக்கள். ஒலி ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்குச் சுற்றிச் சுற்றிப் போகும், கேட்பவர் நடுவில் நின்றால்தான் முழு சுகம். இரண்டே ஸ்பீக்கரில் இதை எப்படி அடைப்பது? சில பதிவுகளில் எட்டு குழுவும் ஒரே மேகமாகக் கலந்துவிடும். இன்னும் சிலவற்றில் இடமும் வலமும் நன்றாகப் பிரியும், ஆனால் 40 பேரும் சேர்ந்து எழும் இடத்தில் கனம் இருக்காது. இந்தப் பாட்டுக்கு 'சிறந்த பதிவு' என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தக் கருவியில் கேட்டார் என்றே முதலில் கேட்கத் தோன்றும்.

எடிட்டிங் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நாம் கேட்பது அனேகமாக ஒரே மூச்சில் பாடியது கிடையாது. பல டேக்குகளை, அதாவது ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பாடிய பதிவுகளை, வெட்டி ஒட்டியது. வெளியே போக்குவரத்துச் சத்தம் அடங்கிய பிறகு இரவில் பதிவு செய்வதும் சாதாரணம். வாத்தியம் இல்லாமல் பாடும் குழுவுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல், சுருதி மெல்ல இறங்கும். இதற்குக் களைப்பு மட்டும் காரணமில்லை. காதுக்குச் சுத்தமாகச் சேரும் காந்தாரம் பியானோவின் காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் தாழ்ந்தது (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்), அப்படிச் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டிலிருந்து) அடுத்ததற்குப் போகும்போது அடித்தளமே கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒரு டேக்கின் முடிவு அடுத்த டேக்கின் தொடக்கத்தோடு சுருதியில் ஒட்டாவிட்டால் அந்த வெட்டு வேலைக்கு ஆகாது. அதனால் நீளமான பாட்டு முழுக்கச் சுருதி ஆடாமல் நிற்கிறது என்றால் பாராட்டுங்கள், ஆனால் பாதிப் பாராட்டு எடிட்டருக்கும் போகட்டும்.

இந்த ஒட்டுவேலைக்கு நேர் எதிர்த்துருவம் நேரடிப் பதிவு. நடத்துனர் ஜான் எலியட் கார்டினர் 2000ஆம் ஆண்டு முழுக்க ஊர் ஊராகத் தேவாலயங்களுக்குப் போய், பாக்கின் கான்டாட்டாக்களை அந்தந்த ஞாயிறுக்கும் திருநாளுக்கும் உரிய நாளிலேயே பாடவைத்துப் பதிவு செய்தார். மஸாக்கி சுஸுக்கியோ 1995இலிருந்து 2013 வரை ஜப்பானின் கோபேயில் ஒரே சிற்றாலயத்தில் உட்கார்ந்து பொறுமையாக அதே கான்டாட்டாக்களை முடித்தார். கார்டினரில் சூடு, அங்கங்கே கரடுமுரடு. சுஸுக்கியில் சமநிலை, சில நாள் அது கொஞ்சம் அதிகமாகவே சமமாகத் தோன்றும். ஒரே கான்டாட்டாவை இரண்டிலும் கேட்பதைவிட நல்ல பாடம் ஆரம்பக்காரருக்குக் கிடையாது.

சரி, இத்தனைக்கும் பிறகு பாடுவது எப்படி இருக்கிறது? சுருதி, தாளம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சின்ன அடையாளங்களைக் கவனியுங்கள். ஒரு வார்த்தை 'ஸ்' என்று முடியும்போது எல்லோரும் ஒரே கணத்தில் முடிக்கிறார்களா, அல்லது 'ஸ்ஸ்ஸ்' என்று தூறல் விழுகிறதா? மெதுவாகப் பாடும்போதும் பேஸ் அடுக்கில் உயிர் இருக்கிறதா? ஏதாவது ஒரு குரல் கூட்டத்திலிருந்து துருத்துகிறதா? குரல் நடுக்கம், அதாவது விப்ராட்டோ, அதிகமானால் நெருக்கமான கார்டுகள் கலங்கிவிடும், அறவே இல்லாவிட்டால் சிலருக்குச் சில்லிட்டுப்போன மாதிரி இருக்கும். உச்சரிப்பும் கவனிக்கத் தகுந்தது: 'கடவுளின் ஆட்டுக்குட்டி' என்ற பொருளுள்ள அதே லத்தீன் சொற்களை இத்தாலியப் பாணியில் 'ஆன்யுஸ் தேயி' என்பார்கள், ஜெர்மன் பாணியில் 'ஆக்னுஸ் தேயி'. பாக்குக்கும் மொசார்ட்டுக்கும் இரண்டாவதுதான் பொருத்தம் என்று மெனக்கெடுகிற நடத்துனர்கள் இருக்கிறார்கள், அந்தக் கடினமான மெய்யெழுத்து தாளத்துக்கே ஒரு பிடிப்பைக் கொடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு முக்கியமாகப் படுவது வார்த்தையின் அர்த்தம் பாடலில் இருக்கிறதா என்பது. மிசரேரே மன்னிப்புக் கேட்கும் பாட்டு. உச்ச 'சி' எவ்வளவு பளபளப்பாக வந்தாலும், நடுவில் வரும் எளிய ஒற்றை மெட்டு வரிகளைக் கடமைக்கு ஓட்டிவிட்டால், அந்தப் பதிவுக்கு நான் முழு மார்க் போட மாட்டேன். இந்த விஷயத்தில் விமர்சகர்களுக்குள் ஒத்துப்போகாது. வழிபாட்டுக்கான இசை என்றால் நாடகம் கூடாது, பாடகர் ஒதுங்கி நின்று வார்த்தையை முன்னே விட வேண்டும் என்று ஒரு பிரிவு. கச்சேரி மேடைக்கு வந்துவிட்ட பிறகு உணர்ச்சியைக் காட்டத்தான் வேண்டும் என்று இன்னொரு பிரிவு. ஸ்பெயினின் சிலோஸ் மடத்துத் துறவிகளின் கிரிகோரியன் பதிவுகள் 1994இல் மறுபடி வெளியாகி லட்சக்கணக்கில் விற்றபோது இந்தக் கேள்வி பெரிதாகவே எழுந்தது. அவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் இல்லை, தினமும் அதே பாட்டில் ஜெபிக்கிறவர்கள். துல்லியத்தை மட்டும் அளந்தால் லண்டனின் எந்தத் தொழில்முறைக் குழுவும் அவர்களைத் தாண்டிவிடும், ஆனால் அந்த அளவுகோலைத் துறவிகளிடம் எடுத்துக்கொண்டு போவதே பொருத்தமாகப் படவில்லை.

விருதுகளை எப்படிப் பார்ப்பது என்றால், கொஞ்சம் சந்தேகத்தோடுதான். பிரிட்டனின் கிராமஃபோன் இதழ் 1923இலிருந்து வருகிறது, 1977இலிருந்து விருதும் தருகிறது. 1987இல் டாலிஸ் ஸ்காலர்ஸ் பாடிய, ஜோஸ்கன் என்ற இசையமைப்பாளரின் திருப்பலிப் பதிவும், 1998இல் வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் கொயர் பாடிய, மார்ட்டின், பிட்ஸெட்டி என்ற இசையமைப்பாளர்களின் திருப்பலிகளும் அதில் ஆண்டின் சிறந்த பதிவு என்ற பட்டத்தையே வாங்கின, சிம்பொனிகளையும் ஆபராக்களையும் தாண்டி. அங்கே தேர்வு செய்வது விமர்சகர்கள். கிராமியில் வாக்களிப்பது இசைத்துறை உறுப்பினர்கள். பிரான்ஸின் டியாபஸான் இதழுக்கு இன்னொரு காது. ஆங்கிலக் கதீட்ரல் தொனியைக் கேட்டு வளர்ந்தவருக்கு அதுதான் இயல்பு, மற்றதெல்லாம் விலகல். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் எந்த விருதும் பயன்படும். அதைவிடப் பயனுள்ளது பதிவோடு வரும் சிறுநூல்: எந்த ஆண்டு, எந்தக் கட்டடம், எந்தப் பிரதி, எத்தனை பேர் என்று எல்லாம் அதில் இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் இது பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது, ஹைபீரியன் மாதிரி சில நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன.

பழைய பதிவுகளுக்கு மட்டும் அளவுகோலை மாற்றுங்கள். 1902இல் வத்திக்கானிலும் 1904இல் ரோமிலும் அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி பாடியதைப் பதிவு செய்தார்கள், தனிப்பாடகராகக் குரல் பதிவான ஒரே காஸ்ட்ராட்டோ, அதாவது உயர்ந்த குரல் மாறாமல் இருக்கச் சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்ட பாடகர், அவர்தான். மைக் என்பதே இல்லாத காலம், கூம்பு வடிவக் குழாயின் முன் நின்று பாட வேண்டும். கரகரப்பும் தடுமாற்றமும் நிறைய. அதைச் சாட்சியமாகக் கேட்க வேண்டும், இன்றைய பதிவோடு போட்டிக்கு விடக் கூடாது.

ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபின் 'இரவு முழு விழிப்பு' வழிபாட்டு இசைக்கு 1965இல் ஸ்வெஷ்னிகோவ் சோவியத் யூனியனின் அரசுக் கொயரை வைத்துச் செய்த பதிவு வேறு ரகம். டேப் இரைச்சல் உண்டு, உரத்த இடங்களில் ஒலி உடைகிறது, இருந்தும் பலர் இன்றுவரை முதலிடம் அதற்கே தருகிறார்கள். சார்ல்ஸ் ப்ரஃபி நடத்திய அமெரிக்கக் குழுக்களின் 2015 பதிவு கிராமி வாங்கியது, ஒலி கண்ணாடி மாதிரி சுத்தம், பாடலும் அற்புதம். எது மேல் என்று நீங்களே பாருங்கள். ஐந்தாவது பகுதியின் கடைசியில் பேஸ் குரல்கள் படிப்படியாக இறங்கி அடி 'பி ஃபிளாட்'டில் போய் நிற்கும், 1915இல் முதலில் நடத்திய டனிலின்கூட இப்படிப்பட்ட பேஸ்களுக்கு எங்கே போவது என்று தலையில் கைவைத்த இடம் அது. கேட்கும்போது போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். அந்தச் சுரத்தின் அதிர்வு சுமார் 58 ஹெர்ட்ஸ், போனில் அது வரவே வராது, ஒரு சுமாரான ஹெட்ஃபோனாவது மாட்டிக்கொள்ளுங்கள்.